கொட்டிய உப்பு எங்கே போகிறது?





நமது கோயம்புத்தூரில் மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை போதும். நம் பிள்ளைகள் சிலர் வாழும் கனடாவிலோ, குளிர்காலம் வந்துவிட்டால் நகராட்சி வண்டிகள் தெருத்தெருவாய் உப்பைத் தூவிச் செல்கின்றன. உப்புக் கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. ஆகவே சாலையில் படிந்த பனிக்கட்டி உருகுகிறது; வாகனங்கள் சறுக்காமல் செல்கின்றன. அந்நாடு முழுவதும் ஓர் ஆண்டில் இவ்வாறு தூவப்படும் உப்பு ஏறத்தாழ 50 லட்சம் டன்.

இந்த உப்பு உயிர்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலை, உப்பு வாங்கிய பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது பாலங்களின் இரும்பை அரிக்கிறது. அவற்றைச் செப்பனிடவும் மக்களின் வரிப்பணமே செலவாகிறது. பனி கரைந்த பின்னும் உப்பு மறைவதில்லை. ஓடைகளிலும் ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும் போய்ச் சேருகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று கனடா அரசின் ஆய்வே 2001-இல் முடிவு கூறியது. அதற்காக அங்கே உப்பை நிறுத்திவிடவில்லை. 2004-இல் நெறிமுறைகளை வகுத்து, அளந்து தூவக் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

பிரியமானவர்களே, இது தூர தேசத்துச் செய்தி என்று எண்ணாதிருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் ஊர் வழியாய்ப் பாயும் நொய்யலை நினைத்துப் பாருங்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு வேண்டும். திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பயன்பட்ட உப்பு, கழிவுநீரோடு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. அணை நீருக்காகக் காத்திருக்க வேண்டிய உழவர்களே அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. பல வீடுகளுக்குச் சோறு தந்த அதே உப்பு, கீழே இருந்தவர்களின் நிலத்தைக் கெடுத்திருந்தது.

வேதாகமத்திலும் உப்புக்கு இந்த இரண்டு முகங்களும் உண்டு. எரிகோவின் கெட்டுப்போன நீரூற்றில் எலிசா உப்பைப் போட்டார். கர்த்தர் அந்தத் தண்ணீரை ஆரோக்கியமாக்கினார் (2 இராஜாக்கள் 2:19-22). அபிமெலேக்கு சீகேம் பட்டணத்தை இடித்து, அதன்மேல் உப்பை விதைத்தான் (நியாயாதிபதிகள் 9:45). ஒருவர் கையில் ஒரு புதுப் பாத்திரத்து உப்பு. அது ஊருக்கு வாழ்வு. மற்றவன் கையில் ஊரெங்கும் இறைத்த உப்பு, அது பாழ். நம் ஆண்டவர் தம் சீஷரை உப்புக்கு ஒப்பிட்டபோது (மத்தேயு 5:13), சாரம் இழந்துவிடாதிருக்க எச்சரித்தார். சாரமுள்ள உப்பையும் எங்கே, எவ்வளவு இடுகிறோம் என்று பார்ப்பது நம் கடமை என்று நான் விசுவாசிக்கிறேன்.

ஆகவே இந்த வாரம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நம் வசதிக்காக நாம் கொட்டுவது யாருடைய கிணற்றில் போய்ச் சேருகிறது? ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை மென்மையாக்க நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூட்டை மூட்டையாய் உப்பு இறங்குகிறது. அந்த உவர்நீர் எந்தச் சாக்கடையில் கலக்கிறது என்று விசாரியுங்கள். தொழில் நடத்துவோரே, உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நம்மைக் காணாத, பெயர் அறியாத ஒருவன் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் விதைக்கிறான். அவனும் நமக்குப் பிறனே. அவனையும் நம்மைப்போல் நேசிக்கவே அழைக்கப்பட்டிருக்கிறோம்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் கையின் பிரயோசனம் பிறனுக்குப் பாழாகாதபடி எங்களுக்கு அளவறியும் ஞானத்தைத் தாரும். நொய்யலின் இரு கரையிலும் வாழும் ஜனங்களை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.