வெறும் டப்பாவுக்கும் சான்றிதழ் உண்டு

கார் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம். விற்ற கார் எங்கே போகும்? என்னுடையது 1999ல் பதிவான பெட்ரோல் வண்டி. தயாரித்தவர்கள் இந்தியாவை விட்டுப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. டெல்லியாக இருந்தால் பிழைத்திருக்காது. 15 வயது தாண்டிய பெட்ரோல் கார்களுக்கான தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெங்களூரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும்.

பிரேக் ஷூ, கிளச் பிளேட் எல்லாம் எங்காவது கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதவை புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்தான். அவை கெட்டாலும் வண்டி ஓடுமே, யார் கேட்டு வாங்கப் போகிறார்கள்?

முதலில் போனது ஆக்சிஜன் சென்சார். அது ஊமையானால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகும். எரியாத மிச்சம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதையும் பொசுக்கும். சென்சாருக்கு மாற்று சுலபம். பெரும்பாலான கார்களில் மரை ஒரே 18 மில்லிமீட்டர். நாலு ஒயர்: இரண்டு சூடாக்க, ஒன்று சிக்னல், ஒன்று எர்த். வேறு காரின் சென்சாரில் பழைய கனெக்டரைச் சேர்த்தோம். சால்டர் கூடாது, கிரிம்ப்தான். பல சென்சார்கள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகவே பெறுகின்றன.

அதற்குள் கன்வர்ட்டரும் போயிருந்தது. சிவாஜி நகர் குஜரியில் தமிழ் பேசும் பாய் ஒருவர் வழி சொன்னார். "உள்ளே இருக்கறதைக் குத்தி எடுத்துடலாம் சார். வெறும் டப்பாவை மாட்டிடுங்க. எடுத்ததுக்கு நான் காசு தர்றேன்." தருவார். பீங்கான் தேனடையின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சல்லவா?

பரிசோதனைக் கருவியும் பாய் பக்கம்தான். 2004ல் வந்த அளவுப்படி, பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய கார்கள் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை விடலாம். ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5தான். சென்சார் ஒழுங்காக இருந்தால் வெறும் டப்பாவே 3க்குள் அடங்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளை அங்கே அளப்பதே இல்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். சிக்னலில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர் மிச்சத்தைச் சுவாசிப்பார். இதற்கு மனசு ஒப்பவில்லை.

அதே எஞ்சின் கொள்ளளவுள்ள வேறொரு காரின் புதிய கன்வர்ட்டரை வாங்கினேன். (விலையை இங்கே எழுதினால் வீட்டில் தெரிந்துவிடும்.) பழையது இருந்த அதே தூரத்தில் வெல்டிங் செய்யவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். பின்னால் தள்ளி வைத்தால் சூடு போதாது. சுமார் 300 டிகிரி வராமல் அது வேலையைத் தொடங்காது.

பரிசோதனையில் 0.2 வந்தது. குழாயை உருவியபடி அந்தப் பையன் கேட்டான்: "உங்க வண்டிக்கு மூணு வரைக்கும் ஓகே சார். எதுக்கு இவ்வளவு செலவு பண்ணீங்க?"