கொட்டாஞ்சேனை மேட்டில் ஒரு மலைநாட்டுக்காரன்

கொழும்பில் என் கால்களுக்குக் கிடைத்த ஏற்றம் என்றால் வுல்பெண்டால் தேவாலயத்துக்குப் போகும் வீதிதான். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த தேவாலயம். மேட்டில் நிற்பதால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அந்தக் காலத்தில் அது ஓர் அடையாளம். கொட்டாஞ்சேனையில் வேலை முடிந்ததும், வெள்ளவத்தைக்கு பஸ் பிடிக்கும் முன், வேண்டுமென்றே அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவேன். தொடையில் ஓர் இழுப்பு வரவேண்டும். அது வருவதற்குள் மேடு முடிந்துவிடுகிறது.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மேற்கணக்கு லயத்தில் வீடு, கீழ்க்கணக்கில் பள்ளிக்கூடம். காலையில் இறங்கினால் மாலையில் ஏறவேண்டும். பீலிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அதே கணக்குத்தான். ரோடு வளைந்து வளைந்து போகும். நாங்கள் தேயிலைக்கு நடுவே குறுக்கில் பாய்வோம். சமதரையில் நடப்பது எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததே இல்லை.

மாசி வெயிலில் மானாப்புல் காய்ந்து வழுக்கத் தொடங்கும். உரச் சாக்கை மடித்துப் போட்டு, உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி விட்டால் போதும். வலது குதிகாலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் அழுத்தினால் வேகம் குறையும். யாரும் கற்றுத்தரவில்லை, விழுந்து விழுந்து பிட்டம் கற்றுக்கொண்டது. கீழே கான் குறுக்கிடும் இடத்தில் நிறுத்தத் தெரியாதவன் சேற்றோடுதான் வீட்டுக்குப் போவான். காற்சட்டை கிழிந்ததற்கு அம்மாவிடம் மிலாறுக் குச்சியால் அடியும் உண்டு. மறுநாளும் அதே மேடு, அதே சாக்கு.

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து ஐயாவின் பேரன் சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவன், கலியாணம் கட்டி ரொறொன்ரோவுக்குப் போனவன். விடுமுறையில் வந்திருந்தபோது பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்டேன். ரொறொன்ரோவிலிருந்து புளூ மவுண்டனுக்குப் போவானாம். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஏறத்தாழ 220 மீட்டர்தான் வித்தியாசம். “அண்ணை, கதிரையில இருந்து மேல போற நேரம்தான் கூட. சறுக்கத் தொடங்க முதலே முடிஞ்சு போகும்,” என்றான். அல்ப்ஸில் பழகிய காலுக்கு அது எப்படிப் போதும்? மேடு பள்ளமே இல்லாத யாழ்ப்பாணத்து வம்சத்தில் மலைக்கு ஏங்கும் ஒரு பிள்ளை! ஐயாவுக்குச் சிரிப்பு. எனக்கு அவன் என் ஊர்க்காரன்போல் தெரிந்தான்.

ஆனால் மலையைப் பற்றி இப்படி இனிக்க இனிக்கப் பேச எனக்கு முழு உரிமை இல்லை. நான் சாக்கில் சறுக்கிய அதே சரிவில் அம்மா கொழுந்துக் கூடையோடு ஏறினார். இன்று அவருக்கு முழங்கால் மடங்காது. மண்சரிவும் அங்கேதான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதரும் புதைந்தார்கள். கொழும்பில் அடைமழை பெய்தால் அடுத்தவர்கள் ஒழுங்கையில் வெள்ளம் ஏறுகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். மலைநாட்டான் போனை எடுத்து “அங்க எப்படி மழை?” என்று கேட்பான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கும் எங்கள் பையன்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

மழை ஓய்ந்து வானம் தெளிந்த விடியலில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே பார்த்தால், சூரியன் எழுமுன், சிவனொளிபாதமலையின் முக்கோணம் தெரியும். நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முதல்முறை காட்டியபோது கீழ்வீட்டு ஐயா, “அது முகில், தம்பி,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உச்சியில் விடியலைப் பார்க்கப் போகிறவர்கள் சூரியன் எழுந்ததும் மறுபக்கம் திரும்பி மலையின் நிழலைப் பார்ப்பார்கள். கூரான முக்கோணமாக மேற்கே நீண்டு கிடக்கும். மேற்கே என்றால் எங்கள் திசைதான். சின்ன வயதில் அந்த நிழலைப் பார்த்தவன் இப்போது அது விழுகிற பக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன்.

என் மகனுக்கு மின்தூக்கிதான் ஏற்றம். மூன்றாம் மாடிக்குப் படியால் வாடா என்றால் ஏதோ தண்டனை கொடுத்ததுபோல் பார்க்கிறான். குற்றம் அவனுடையது அல்ல. தீபாவளிக்குத் தீபாவளி ஊருக்குக் கூட்டிப் போனாலும் லயத்து வாசல்வரை ஓட்டோவில் கொண்டுபோய் இறக்கினால் கால் எங்கே பழகும்?

கொழும்பில் பிள்ளை வளர்க்கும் மலைநாட்டுக்காரர்களே, சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமிவரை இருக்கிறது. உச்சி 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு முழுக்க வழியெல்லாம் விளக்கு எரியும். அட்டனில் ரயிலை விட்டு இறங்கி நல்லதண்ணிக்கு பஸ் பிடியுங்கள். அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்காதீர்கள், நடக்க விடுங்கள்.