குதிக்கத் தெரியாத தேவாங்கும் கூச்சல் போடும் ஆட்காட்டியும்!

'தேவாங்கு மாதிரி இருக்கான் பாரு' என்று ஒல்லியான பையன்களைக் கிண்டல் செய்யாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் தேவாங்கை நேரில் பார்த்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

ஆட்காட்டிக் குருவிக்கு அந்தப் பிரச்னையே இல்லை. கண்மாய்க்கரையில் கால் வைத்தாலே போதும், ஊரைக் கூட்டிவிடும். கரைப்பறவை வகையைச் சேர்ந்த இதற்குக் கூடு கட்ட மரம் வேண்டாம். வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இடும், பெரும்பாலும் நான்கு. கோடையில் தரை கொதித்தால், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். நாய் நெருங்கினால் அடிபட்டதுபோல் நடித்து வேறு பக்கம் இழுத்துப் போகும். மொட்டைமாடியில் முட்டையிட்ட ஆட்காட்டிகளும் உண்டு. எப்படியோ சமாளித்துவிடுகிற பறவை.

தேவாங்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுமார் கால் கிலோ எடையுள்ள இந்த இரவு விலங்குக்குக் குதிக்கவே தெரியாது. அடுத்த கிளையைப் பிடித்த பிறகுதான் பழைய கிளையை விடும். அதனால் மரத்தோடு மரம் உரசிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே சாலை வந்துவிட்டால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆபத்து என்றால் அசையாமல் உறைந்துபோவது அதன் வழக்கம். கிளை மேல் அது நல்ல தந்திரம். லாரி வெளிச்சத்துக்கு முன்னால்?

இழந்ததை ஈடுகட்டவும் முடியாது. ஐந்து மாதத்துக்கு மேல் சுமந்து, ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். போதாக்குறைக்கு மருந்து, மாந்திரீகம் என்று பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வேறு. இத்தனைக்கும் அது ராத்திரி முழுக்கத் தேடித் தின்பது எறும்பு, கரையான், வண்டு. விவசாயிக்கு சம்பளமில்லாத வேலைக்காரன்!

2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம் இது. நல்ல விஷயம். ஆனால், சரணாலய எல்லை எங்கே முடிகிறது என்று தேவாங்குக்குத் தெரியாது. தோட்டத்து வேலியோர மரங்களிலும் அது வாழ்கிறது. அந்த மரங்களை வெட்டிவிட்டு முள்கம்பி கட்டினால், ஆட்காட்டி பக்கத்து வயலுக்குப் பறந்துபோய்க் கத்தும். தேவாங்கு, கைக்கு எட்டாத அடுத்த கிளையைப் பார்த்தபடி அங்கேயே நிற்கும்.