ஈரக்கை

"ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதே." மின்சாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித்தந்தது இது ஒன்றுதான். தம்பிக்கு இதை யாரும் சொன்னதாக நினைவில்லை. அவன் பத்து வயதிலேயே ஸ்டூல் மேல் ஏறி, அப்பா டார்ச் அடிக்க, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கம்பி சுற்றினான். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. பௌர்ணமி இரவில் எங்கள் ஊருக்குத் தூக்கம் கிடையாது. 14 கிலோமீட்டர் சுற்றி வருகிற ஜனம் விடிய விடிய நடக்கும். பாதையோரம் அம்மா இட்லிக் கடை போடுவாள். அப்பா போன பிறகு அந்தக் கடைதான் எங்கள் இருவரையும் படிக்கவைத்தது. நான் வாங்கிய இயற்பியல் பட்டமும் அந்த இட்லி மாவில் வந்ததுதான்.

மாவரைக்க ஒரு டில்டிங் கிரைண்டர் வைத்திருந்தோம். யாரோ கடையை மூடியபோது பழைய விலைக்கு வாங்கியது. சில மாதங்களாகவே அதைத் தொட்டால் சுருக்கென்றது. "எர்த் அடிக்குது" என்பாள் அம்மா. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். தம்பியிடம் சொன்னால், "ஈரக்கையோட தொடாதம்மா, செருப்பு போட்டுக்கோ" என்பான். ஈரக்கை இல்லாமல் எப்படி மாவரைப்பது? உளுந்து கழுவ வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓடும் கல்லின் ஓரத்தில் மாவைத் தள்ளிவிட வேண்டும். சமையலறையில் காய்ந்த கையோடு இருப்பவர்கள் சாப்பிட வந்தவர்கள் மட்டும்தான். அம்மா ஒரு மணையைப் போட்டு அதன் மேல் நின்று அரைத்தாள். அதுதான் அவள் கண்டுபிடித்த பாதுகாப்பு.

ஓர் ஐப்பசிப் பௌர்ணமி. விடியற்காலை மூன்றரை இருக்கும். மழை பெய்து தரையெல்லாம் ஓதம். அன்றைக்கு அம்மா அவசரத்தில் மணையைப் போட மறந்திருந்தாள். நான் கூடத்தில் படுத்திருந்தேன். உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. அதனால் எழுந்துபோக அரை நிமிடம் தாமதித்தேன். அந்த அரை நிமிடத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அம்மாவின் வலது கை கிரைண்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தது. உடம்பு முழுக்க விறைத்து நடுங்கியது. கண் என்னைப் பார்த்தது, வாய் அசையவில்லை. அவளை இழுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதடி!"

பக்கத்து வீட்டு அத்தை. பௌர்ணமிக்குப் பாத்திரம் தூக்க உதவிக்கு வருகிறவள். வாசலில் இருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். சுவரில் சாய்த்திருந்த காய்ந்த மணையை எடுத்து அம்மாவின் கையில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். அம்மா பின்னால் விழுந்தாள். "மெயின் எங்கடி இருக்குது? அணைடி!" என்று கத்தினாள் அத்தை. ஓடினேன். மெயின் கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்கும் மேலே இருந்தது. கை எட்டவில்லை. ஸ்டூலைத் தேடி ஏறியபோது, நான்கு சுவிட்சில் எதை அணைப்பது என்று தெரியாமல் நின்றேன். நான் ஓம் விதியில் முழு மதிப்பெண் வாங்கியவள்.

அம்மா பிழைத்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெந்த தழும்பு மிஞ்சியது. அத்தையிடம், "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். அவள் பல வருடம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவள். "கலவை மிஷின்ல ஒரு பையன் ஒட்டிக்கினான். இழுக்கப் போனவனும் அவன்கூடவே போயிட்டான். பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள். நான் புத்தகத்தில் படித்ததை அவள் இரண்டு சாவுகளில் படித்திருந்தாள். அது எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாத படிப்பு.

மறுநாள் ஒரு ஒயர்மேனை வரவழைத்தோம். அவர் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மூன்று ஒயர் வரவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. பச்சை ஒயரை யாரோ வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். சுவரில் இருந்த சாக்கெட்டையும் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. "எர்த்தே இல்லியேம்மா" என்றார். இத்தனை மாதமாக எர்த் அடிக்கிறது, எர்த் அடிக்கிறது என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோம். அடித்தது எர்த் இல்லாமல் போனதால்.

அன்றைக்குத்தான் என் பட்டப்படிப்பை முதல்முறையாக என் வீட்டுச் சுவரில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு கடினமான விஷயம் இல்லை. பேஸ் ஒயரில் 230 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் வருகிறது. பல்புக்குள்ளோ மோட்டாருக்குள்ளோ வேலை செய்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. போய்த் திரும்பும் இந்தப் பாதைக்குப் பெயர்தான் சுற்று. சுவிட்ச் இந்தச் சுற்றை அறுக்கும் இடம். அது பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்துவிட்டால், அணைத்த பிறகும் கருவிக்குள் மின்சாரம் காத்திருக்கும். மூன்றாவதான பச்சை ஒயருக்கு அன்றாட வேலை எதுவும் இல்லை. அது கருவியின் இரும்பு உடம்பிலிருந்து நேராக மண்ணுக்குப் போகிறது. உள்ளே காப்பு உரிந்து பேஸ் ஒயர் உடம்பைத் தொட்டுவிட்டால், கசிகிற மின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். அது வெட்டப்பட்டிருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு பெண்ணைவிட நல்ல வழி அதற்குக் கிடைக்காது. பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருப்பதற்கும் இதுதான் காரணம். செருகும்போது முதலில் தொட வேண்டியதும், பிடுங்கும்போது கடைசியாக விடவேண்டியதும் அதுதான்.

"அப்போ ஃபியூஸ் ஏன் போகல?" என்று கேட்டாள் அம்மா. சரியான கேள்வி. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ், ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் உருகும். ஒரு மனுஷியின் இதயத் தாளத்தைக் குலைக்க ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். 20 வாட் டியூப்லைட் ஒன்று எடுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அம்மா துடித்துக்கொண்டிருந்தபோது, ஃபியூஸைப் பொறுத்தவரை வீட்டில் இன்னொரு விளக்கு எரிந்தது, அவ்வளவே. ஃபியூஸும் அதன் இடத்துக்கு வந்த எம்.சி.பி.யும் ஒயர் தீப்பிடிக்காமல் வீட்டைக் காக்க வைத்தவை. வீட்டுக்குள் நிற்கும் உடம்பைக் காக்க வேறொன்று வேண்டும்.

அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று அது இடைவிடாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கேயோ கசிகிறது, யாரோ தொட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு நொடியின் சிறு பங்கில் மெயினை அணைத்துவிடும். ஷாக் அடிக்கவே செய்யும். ஆனால் இதயம் தடுமாறுவதற்குள் விட்டுவிடும்.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு கணக்கு என்னை நிறுத்தியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், எவ்வளவு மின்சாரம் வரை ஒருவரால் பிடித்த கையைத் தானே விட முடியும் என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தார். அந்த எல்லையைத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. ஆண்களுக்குச் சராசரி எல்லை 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. அளக்கப்பட்ட ஆண்கள் 134 பேர், பெண்கள் 28 பேர். இதே டால்ஸீல்தான் 1961இல் கசிவைக் கண்டறிந்து அணைக்கும் ஒரு கருவியையும் உருவாக்கினார்.

அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆண் கையை விட்டுவிடக்கூடிய அளவிலேயே பெண்ணின் கை மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் நிற்பவளும் அவள்தான். கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி என்று நாள் முழுக்க இரும்பு உடம்புகளைத் தொடுகிறவளும் அவள்தான். 2011இல் தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடுவீடாகப் பெண்கள் கையில் கொடுத்தது. எத்தனையோ தோள்களின் வலியை அந்தக் கிரைண்டர்கள் குறைத்தன என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கருவி பெண்ணின் கைக்கு வந்த எல்லா வீடுகளிலும் மெயின் மட்டும் ஆணின் உயரத்திலேயே இருந்துவிட்டது.

மின்சாரம் ஆண்களின் விஷயம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பயமுறுத்தினார்கள், அது போதுமானதாக இருந்தது. இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் நம் சென்னையில் படித்தவர் என்பதை மூன்று வருடம் இயற்பியல் படித்த எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏ.லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில், நான்கு மாதக் குழந்தையோடு கணவனை இழந்தார். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்லைத்தான் அச்சிட்டு வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்தபடி பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பணிகளிலும் பங்கெடுத்தார். அந்த அடித்தலும் திருத்தலும் நடந்து எண்பது ஆண்டு ஆகிறது. வீட்டுச் சுவர்களில் இன்னும் நடக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். பின்கட்டில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் போட்டோம். எங்களுடையது மலையடிவார மண், பாதி பாறை. சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது மின்சாரத்தைச் சரியாக வாங்காது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் ஒயர்மேன். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை இப்போது அங்கேதான் ஊற்றுகிறாள். கிரைண்டருக்குப் பச்சை ஒயர் வந்தது. ஆர்.சி.சி.பி. மாட்டினோம். மெயினை அம்மாவின் தோள் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். "குழந்தைங்க கைக்கு எட்டுமே" என்றான் தம்பி. "எட்டட்டும், எதுக்குன்னு சொல்லிக் கொடுப்போம்" என்றாள் அம்மா.

இதைப் படிக்கிற நீங்கள், உங்கள் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது, இருட்டில் உங்கள் கை அதற்கு எட்டுமா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். விடுதி அறையோ வாடகை வீடோ, சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று கேளுங்கள். சுருக்கென்று அடிக்கும் கருவியை அன்றைக்கே நிறுத்துங்கள். செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். யாராவது ஒட்டிக்கொண்டால் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அம்மாவுக்கு மாதம் என்றால் பௌர்ணமி. உளுந்து ஊறவைக்கும் முன் கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை அழுத்துவாள். வீடே இருட்டாகும். "ம், வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு மெயினைத் திரும்பப் போடுவாள். போன பௌர்ணமிக்குத் தம்பியின் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. "நான் அமுக்கறேன் ஆயா" என்றாள்.

"கையைத் தொடச்சியா?" என்று கேட்டுவிட்டு, அம்மா அவளைத் தூக்கிப் பிடித்தாள்.