பரிசு வேண்டாம், இரண்டு கை போதும்!

"அம்மா, போன வருஷம் என் பொறந்த நாளுக்கு அவ மட்டும் ஏம்மா வரலை?"

ஏழு வயது முடியப்போகும் என் மகள் இப்படிக் கேட்டபோது, "அவங்க வீட்ல ஏதாவது வேலை இருந்திருக்கும்டி" என்று சொல்லிச் சமாளித்தேன். நிஜக் காரணம் நாலு நாள் கழித்துக் குழாயடியில்தான் தெரிந்தது.

"கிஃப்ட் இல்லாம எப்படிக்கா அனுப்பறது? மத்த புள்ளைங்க எல்லாம் பொட்டலம் கட்டிக்கிட்டு வருதுங்க. அதான் அனுப்பலை" என்றாள் அந்தக் குழந்தையின் தாய். மக்காச்சோளக் கொல்லையில் கூலி வேலைக்குப் போகிறவள். எனக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் சின்னசேலம் போய்க் கிரீம் கேக் வாங்கி வந்தோம். நைனார்பாளையம் வந்து சேர்வதற்குள் வெயிலில் பாதிக் கிரீம் அட்டைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. மெழுகுவர்த்தி ஊதி, கேக் வெட்டி, பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒரு குழந்தை வீட்டோடு நின்றுவிட்டதே!

இந்த வருஷம் பிளானை மாற்றினேன். கேக்கை வாங்கப் போவதில்லை. வருகிற குழந்தைகளே சுடட்டும். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து மகளே அழைப்பு எழுதினாள்: 'பரிசு வேண்டாம். வேலை செய்ய இரண்டு கை மட்டும் கொண்டு வரவும்.'

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "பொறந்த நாள்னா பாயசம் வெச்சு, கோயிலுக்குப் போயிட்டு வருவோம். வெள்ளைக்காரன் பண்டம் நமக்கெதுக்கும்மா? வீட்ல ஓவன் கூட இல்லை" என்றார்.

நான் தலைச்சேரி கதையைச் சொன்னேன். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் கேட்டாராம். பாபுவோ பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்த்து ஊறவைத்த உள்ளூர்ச் சாற்றை ஊற்றிச் சுட்டுக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நம்ம கேழ்வரகுக்கு மட்டும் என்ன கொறச்சல்?" என்றார். அவ்வளவுதான், கட்சி மாறிவிட்டார்!

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். மாவில் தயிரையும் சோடா உப்பையும் சேர்த்துவிட்டு, கரண்ட் போனதால் ஏலக்காய் பொடிக்க மிக்ஸிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வெந்ததைக் கவிழ்த்தால் தொப்பென்று விழுந்தது. "கேக்கா இது, களியா?" என்றார் அத்தை. தப்பு என்னுடையதுதான். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்த உடனே நுரைக்க ஆரம்பித்துவிடும். அந்தக் காற்றுதான் கேக்கை எழுப்புவது. காக்க வைத்தால் காற்று போய்விடும். ஆகவே அடுப்பு சூடான பிறகுதான் இரண்டையும் கலக்க வேண்டும்.

அளவு இதுதான். கோதுமை மாவு ஒரு டம்ளர், கேழ்வரகு மாவு அரை டம்ளர், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலிக்கவும். தனியாக ஒரு பாத்திரத்தில் பொடித்த வெல்லம் ஒரு டம்ளர், தயிர் முக்கால் டம்ளர், எண்ணெய் அரை டம்ளர், பால் அரை டம்ளர். கனமான பழைய குண்டானில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிஷம் சிறு தீயில் சூடாக்கவும். பிறகு இரண்டையும் கலந்து, எண்ணெய் தடவிய சின்னக் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி உள்ளே வைத்தால் இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். இடையில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். குச்சி குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் சரி. வெல்லமும் சர்க்கரை வகைதான், அதனால் ஆளுக்கு ஒரு கிண்ணம் போதும். காரத்துக்கு மரவள்ளிக் கிழங்கை நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்துக் குழந்தைகள் வந்தார்கள். அவளும் வந்தாள், கையை வீசிக்கொண்டு!

அடுப்பைச் சுற்றி அத்தை கோலமாவில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டினா கேக்கு கெடையாது!" தீ வேலை பெரியவர்களுடையது, சலிப்பதும் கலப்பதும் குழந்தைகளுடையது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். பச்சை மாவை நக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன், வயிற்றுக்கு ஆகாது. பால், வேர்க்கடலை எந்தக் குழந்தைக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று தாய்மார்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டேன். சூடு பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல், இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருந்தேன். நல்லவேளை, தேவைப்படவில்லை. பனி மாதிரிப் பீய்ச்சும் ஸ்பிரேயை வாசலிலேயே தடுத்துவிட்டேன். தீப் பக்கத்தில் அது சட்டென்று பற்றிக்கொள்ளும்.

சல்லடையை எடுத்த குழந்தைகள் மாவைத் தரையெல்லாம் கொட்டினார்கள். அவள் மட்டும் லாகவமாகத் தட்டித் தட்டிச் சலித்தாள். வீட்டில் தினம் செய்கிற வேலை! "எனக்கும் சொல்லிக் குடுடி" என்று மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மகள்கூட அவளிடம்தான் கற்றுக்கொண்டாள்.

கேக் ஆறியதும், மெழுகுவர்த்தி ஊதாமல், என் மகள் அகல் விளக்கேற்றினாள். எல்லோரும் அவரவர் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். அவள் மட்டும் தன்னுடையதைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "தம்பிக்கு" என்றாள். இன்னொன்று கொடுத்தேன். "இது அம்மாவுக்கு" என்று அதையும் சுற்றினாள். மூன்றாவதைப் பிட்டு என் கையாலேயே வாயில் வைத்தேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் குழாயடியில் அவள் தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏக்கா, அந்தக் கேக்கை எங்க வெறகடுப்புல சுட முடியுமா? வர்ற மாசம் தம்பிக்குப் பொறந்த நாளு."

"தணல் போதும். பழைய குண்டானும் மணலும் இருக்கில்ல?" என்றேன்.

"உங்க பொண்ணையும் அனுப்புங்க. கையை வீசிக்கிட்டு வரட்டும்" என்றாள்.