சாமை குத்தும் கைகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே ஒரு சிற்றூருக்கு நடந்தேன். சாமைச் சோறு சாப்பிட வேண்டும் என்பதுதான் எண்ணம். நான் போய் நின்ற வீட்டின் ஆயா என் கையில் உலக்கையைக் கொடுத்தார். "குத்துனாத்தான் கண்ணு சோறு."

முந்தின நாள் வெயிலில் காய்ந்த சாமை, இரண்டு படி. ஆயாவும் மருமகளும் உரலுக்கு எதிரெதிரே நின்று மாறி மாறிக் குத்தினார்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது மேலே. நடுவில் நான் வாங்கிக் குத்தியதும் தாளம் கெட்டது, தானியம் சிதறியது. சாமை மணி மிகச் சிறிது. அதன் உமி வழவழப்பானது, இறுக்கமானது. ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும், மெல்லக் குத்தினால் உமி போகாது. குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கடைசியில் தண்ணீரில் அரித்துக் கல் நீக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் என் தோள் மரத்துப்போனது. காட்டு வேலை முடிந்து வந்தும், விடியுமுன் எழுந்தும், வீட்டுப் பெண்கள் ஆண்டு முழுக்கச் செய்த வேலை இது.

"ருசி இல்லாமயா விட்டோம்? கை விட்டுப்போச்சு, அதான் விட்டோம்" என்றார் ஆயா.

மலையில் மரவள்ளி பரவியதற்கு ஜவ்வரிசி ஆலைகள் தந்த காசு காரணம் என்று படித்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் மரவள்ளியைக் குத்த வேண்டாம். லாரியில் ஏற்றினால் போதும். வந்த காசோடு ரேஷன் அரிசியும் சேர்ந்தபோது உரல் ஓய்ந்தது. பழைய உணவை மேடைகளில் போற்றும் நாம் இந்தக் கைகளைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஆயா பெயர்களை அடுக்கினார்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திருகுலாச் சாமை, தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலைமக்களோடு சேர்ந்து இவ்வகைகளின் விதைகளைக் காத்துவருகிறது. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்ததும் அந்த முயற்சியில்தான். இயந்திரம் தானியத்தைச் சுழற்றித் தன் உட்சுவரில் வீச, உமி உடைகிறது. காற்று அதை ஊதித் தள்ளுகிறது. மணிக்கணக்கில் குத்தியது நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. விதை வங்கிக்கு நிகராக அந்த இயந்திரத்தையும் நான் மதிக்கிறேன்.

ஒரு கவலையும் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அதனால் கடைச் சரக்கைத் தவிடு போகத் தீட்டி வெளுக்கிறார்கள். உரலில் குத்திய சாமையோ பழுப்பு. அந்தந்த வேளைக்குக் குத்தியது. அன்று மொச்சைக் குழம்போடு உண்டபோது அதில் வந்த மண்வாசனை, நகரத்துப் பாக்கெட்டில் நான் ஒருநாளும் அறியாதது.

மறுநாள் கிளம்புமுன் ஒரு படி கேட்டேன். குத்தி வைத்திருந்ததை ஆயா முறத்தில் கொட்டி, உற்றுப் பார்த்து, முறத்தை என்னிடம் நீட்டினார். "இன்னும் உமி நிக்குது. புடை."