தரங்கம்பாடியில ரெண்டு நாள்: வலிக்கு அவங்க ஊர்ல என்ன பேரு?

1/ போன சனி, ஞாயிறு குடும்பத்தோட தரங்கம்பாடி போயிருந்தோம். ஊர் சுத்திப் பாக்கிறது பாதிக் காரணம். மீதிக் காரணம், ஜார்க்கண்ட்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில 27 வருஷம் இருந்துட்டு ஓய்வு பெற்ற ஒரு சர்ஜன் அண்ணனும், நர்ஸான அவர் மனைவியும். நீளமான த்ரெட். கடைசியில எல்லாருக்கும் பயன்படுற ஒரு விஷயம் இருக்கு.

2/ மிஷனரின்னதும் வெள்ளைக்காரங்கன்னு நினைக்காதீங்க. ரெண்டு பேரும் நெல்லைப் பக்கம். நான் எம்பிபிஎஸ் முடிச்சதும் ரெண்டு வருஷம் அவங்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். அங்க நோயாளிகள்ல பெரும்பாலானவங்க சந்தால் பழங்குடி மக்கள். வீட்ல பேசுறது சந்தாலி. ஹிந்தி அவங்களுக்குச் சந்தை மொழி.

3/ முதல்ல ஊர். 1620-ல தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கட்டின டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பாத்து நிக்குது. 1845-ல ஊரையே ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் எப்பவோ எடுத்துக்கிச்சு. சாயங்காலம் இந்தப் பக்கம் நடந்தா போதும், கார் தேவையில்லை.

4/ ராஜ வீதியில புது எருசலேம் ஆலயம், 1718-ல கட்டினது. உள்ளே சீகன்பால்கு கல்லறை. ஜெர்மன்காரர். 1706-ல இங்க வந்து இறங்கினப்ப அவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல விரலால எழுதிக் கத்துக்கிட்டார்னு சொல்வாங்க. 1715-ல தமிழ் புதிய ஏற்பாடு இதே ஊர்ல அச்சாகி வந்துச்சு. 1719-ல இறந்தப்ப வயசு 36.

5/ டாக்டர்களுக்குப் பிடிக்கிற ஆள் இன்னொருத்தர். அவரோட சகா கிரண்ட்லர், அதே கோயில்லதான் கல்லறை. நம்ம ஊர் வைத்தியத்தை ஓலைச்சுவடிகள்ல இருந்து புரிஞ்சுக்கிட்டு, 1711-லயே ஜெர்மன்ல ஒரு நூல் எழுதினார். மருந்து கொடுக்க வந்த இடத்துல, 'நீங்க இதுக்கு என்ன பண்றீங்க?'ன்னு கேட்ட மனுஷன்.

6/ அந்தக் கல்லறை முன்னாடி நின்னப்ப அண்ணன் சொன்னார்: "நான் மணல்ல கத்துக்கலப்பா. கிணத்தடியில கத்துக்கிட்டேன். தண்ணி எடுக்க வர்ற பிள்ளைங்க என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும்." அவர் சந்தாலி எதுக்கு உதவிச்சுன்னு நான் கண்ணால பாத்தேன்.

7/ ஒரு விடிகாலை. எட்டு வயசுப் பொண்ணைப் பாட்டி தூக்கிட்டு வந்தாங்க. வார்டு பையன் ஹிந்தியில எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: வயித்து வலி. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஆனா கண் இமை ரெண்டும் தொங்குது. அண்ணனை எழுப்பினேன்.

8/ அவர் வயித்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட சந்தாலியில பேச ஆரம்பிச்சார். ராத்திரி எங்க படுத்தா? தரையில. நடுவுல எழுந்தாளா? ஆமா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்குன்னா, மறுபடி தூங்கிட்டா. எச்சில் முழுங்குறாளா? இல்லை. என் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை: "கட்டுவிரியன்."

9/ கடிவாய் எங்கேயும் தெரியலை. விஷமுறிவு மருந்து ஏத்தினோம். கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுபோச்சு. வென்டிலேட்டர் கிடையாது. குழாய் போட்டு, கையால அம்பு பையை அமுக்கினோம். நான், அக்கா, வார்டு பையன், பொண்ணோட மாமா, முறை வச்சு ரெண்டு ராத்திரி ஒரு பகல். எப்படி அமுக்கணும்னு மாமாவுக்குச் சந்தாலியில எண்ணிக் காமிச்சது அக்கா. நாலாம் நாள் அவ கஞ்சி கேட்டா.

10/ 'மதம் மாத்தத்தானே போனாங்க?'ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். அண்ணன்கிட்டயே கேட்டேன். மழுப்பலை. "ஞாயித்துக்கிழமை கூப்பிடுவோம். வந்தவங்க வந்தாங்க. வராதவங்களுக்கும் அதே பெட், அதே மருந்து, அதே பில்." எனக்கு இதுல சில விஷயத்துல அவரோட கருத்து வேறுபாடு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எழுந்து வந்ததுல கிடையாது.

11/ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடற்கரையில அக்கா சொன்னது இன்னும் மனசுல நிக்குது: "மேடையில சால்வை போட்டு தியாகம்னு சொல்றாங்க தம்பி. பொண்ணை அஞ்சு வயசுல ஹாஸ்டல்ல விட்டோம். தியாகம் பண்ணது அவ. அவளைக் கேட்டுட்டா பண்ணோம்?" அண்ணன் மறுக்கலை. கடலையே பாத்துட்டு இருந்தார்.

12/ பொண்ணுக்கு இப்போ முப்பது தாண்டியாச்சு. நல்ல வேலை. தமிழ் பேசுவா, படிக்க வராது. சந்தாலி கத்துக்கிட்ட அப்பாவோட தமிழ்க் கடிதத்தை அவளால படிக்க முடியாது. அதனால அண்ணன் தினமும் ராத்திரி வாய்ஸ் நோட் அனுப்புறார். சில நாள் பதில் வரும், சில நாள் வராது. இதையெல்லாம் சேத்துதான் அந்த 27 வருஷம். பாதியை மட்டும் சொல்லிப் பாராட்டுறது சரியில்லை.

13/ எல்லாருக்குமான விஷயம். கட்டுவிரியன் ராத்திரி, தூங்குறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். வலி, வீக்கம் பெரும்பாலும் இருக்காது. தரையில படுத்தவர் வயித்து வலி, தொங்குற இமை, முழுங்க முடியாமைன்னு எழுந்தா, பாம்பைப் பாக்கலைன்னாலும் உடனே விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கட்டில்ல படுங்க, கொசுவலையை மெத்தைக்கு அடியில செருகுங்க.

14/ ஜூனியர் டாக்டர்களுக்கு. ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க இப்போ திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும் வேலை பாக்கிறாங்க, நம்ம ஓபி வரிசையில நிக்கிறாங்க. எல்லாரும் ஹிந்தின்னு முடிவு பண்ணிடாதீங்க. வீட்ல என்ன பேசுவீங்கன்னு கேளுங்க. எங்க வலி, எப்பத்துல இருந்து, ராத்திரி எங்க படுத்தீங்க, நான் சொன்னது புரிஞ்சுதா: இந்த நாலையும் அவங்க மொழியில கேக்கக் கத்துக்கிட்டா போதும், அவங்களே மீதியைச் சொல்லிக் கொடுப்பாங்க.

15/ அண்ணன் கத்துக்கொடுத்த முதல் வார்த்தையை இங்க விட்டுட்டுப் போறேன். சந்தாலியில வலிக்கு 'ஹாசோ'. யாராவது அப்படிச் சொன்னா, பேனாவைக் கீழ வச்சுட்டு எங்கன்னு காட்டச் சொல்லுங்க.